ஒரே வீட்டுக்கு இரண்டு நம்பர்

1

நான் நொண்டி நொண்டி நடப்பதைப் பார்த்துவிட்டு, என்னோடு வேலை செய்யும் பெண்மணி ஒருத்தி, "லீவுக்கு ஊருக்குப் போய் என்ன செய்துவிட்டு வந்தாய்?" என்று கேட்டாள். "குடும்பத்தோடு ஓடினேன்" என்றேன். "எதற்காக? யார் துரத்தினார்கள்?" என்றாள். அவளுக்கு விளக்கிச் சொல்வதற்குள் உருளைக்கிழங்கு வெந்துவிட்டது.

பாரிசுக்கு வடக்கே ஒரு புறநகரில், பள்ளிக்கூடப் பிள்ளைகளுக்கு மதியச் சாப்பாடு போடும் சமையலறையில் பதினேழு வருடமாகக் காரட் நறுக்கிக்கொண்டிருக்கிறேன். என் மனைவி கலாவின் தாத்தா பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்தவர். காரைக்காலில் அவர்கள் வீட்டைச் 'சொல்தா வீடு', அதாவது சிப்பாய் வீடு என்றுதான் சொல்வார்கள். பிரெஞ்சுக் குடியுரிமை உள்ள அந்த வீட்டுக்கு மாப்பிள்ளையானதால் காரைக்கால்மேட்டு மீன்காரன் மகனான எனக்கும் விமானம் ஏறும் யோகம் வந்தது. தம்பி செந்தில் அப்பாவின் தொழிலோடு கடற்கரையில் நின்றுவிட்டான்.

நம் ஊர்ப் பத்திரிகையில் குளிரைப் பற்றியும் விசாவைப் பற்றியும் நிறைய எழுதியாகிவிட்டது. இந்த முறை ஆகஸ்டு பதினாறாம் தேதி நம் ஊரில் நடந்த குடும்ப ஓட்டத்தைப் பற்றி எழுதுகிறேன். உங்களில் பலர் அன்று காலை கடற்கரையில் நின்று பார்த்தீர்கள், வயிறு வலிக்கச் சிரித்தும் இருப்பீர்கள். கோட்டுக்கு முன்னால் மூன்று பேர் ஏன் அப்படி நின்றார்கள் என்று நீங்கள் கேட்டிருந்தால், யாரும் சரியாகச் சொல்லியிருக்க மாட்டார்கள். முழுக் கதையும் தெரிந்தவன் நான், குற்றவாளியும் நானே.

2

என் மகள் தாரிணிக்குப் பதினைந்து வயது. இங்கே ஒரு தடகள மன்றத்தில் ஓடுகிறாள். புதன்கிழமையும் சனிக்கிழமையும் பயிற்சி. மழை பெய்தாலும் பனி கொட்டினாலும் போவாள். போட்டிகளில் பெரும்பாலும் நான்காவதாக வருவாள். மூன்றாவதாக வருகிறவளுக்கு ஒரு மெடல் கிடைக்கும், ஐந்தாவதாக வருகிறவளுக்கு ஒரு நிம்மதி கிடைக்கும். நான்காவதாக வருகிறவளுக்கு வயிற்றெரிச்சல்தான்.

ஏப்ரல் மாதம் டிக்கெட் போட உட்கார்ந்தபோது அவள் சொன்னாள்: "அப்பா, இந்த வருசம் வர்றேன். அடுத்த வருசம் எனக்குப் போடாதீங்க. ஆகஸ்ட்ல மன்றத்தோட முகாம் இருக்கு. மலைக்குப் போறோம்."

"ஊருக்கு?"

"ஊர்ல நான் என்ன பண்ணுறேன் சொல்லுங்க. உக்காந்திருக்கேன். எல்லாரும் வந்து 'என்னைய ஞாபகம் இருக்கா'ன்னு கேக்குறாங்க. ஞாபகம் இல்லன்னா கோவப்படுறாங்க. இருக்குன்னு பொய் சொன்னா, 'அப்ப நான் யாரு சொல்லு'ங்குறாங்க."

அவள் சொன்னதில் ஒரு வார்த்தையும் பொய்யில்லை. பிள்ளைகள் ஒரே நாளில் போய்விடுவதில்லை. முதலில் சோற்றைக் குறைக்கிறார்கள், அப்புறம் தமிழில் ஆரம்பித்த வாக்கியத்தைப் பிரெஞ்சில் முடிக்கிறார்கள், கடைசியில் டிக்கெட் வேண்டாம் என்கிறார்கள். கலா இதற்கெல்லாம் கலங்க மாட்டாள். "அவ வயசுல நீங்க எங்க இருந்தீங்க? கொழும்புக்குப் படகேறப் போறேன்னு வீட்டுல சண்ட போட்டீங்களாமே" என்று என் வாயை அடைத்துவிட்டாள்.

மே மாதம் செந்தில் ஓர் அறிவிப்பை அனுப்பினான். ஆகஸ்டு பதினாறு, புதுச்சேரி மாநிலத்துக்கு மட்டும் உள்ள லீவு. பிரெஞ்சுக்காரன் இந்த ஊரைச் சட்டப்படி இந்தியாவுக்குக் கொடுத்த நாள். பக்கத்து நாகப்பட்டினத்துக்காரர் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு வேலைக்குப் போகும்போது நாம் மட்டும் கால் நீட்டிப் படுத்திருக்கும் பெருமை உங்களுக்குத் தெரியும். அந்த நாளில் காலை ஆறு மணிக்குக் கடற்கரையில் குடும்ப ஓட்டம். கடற்கரையில் தொடங்கி ஆற்றோரமாகப் பாலம் வரை போய்த் திரும்ப வேண்டும், மொத்தம் நாலு கிலோமீட்டர். ஒரு குடும்பத்துக்குக் குறைந்தது மூன்று பேர். ஒரு குடும்பத்துக்கு ஒரு நம்பர். குடும்பத்தின் கடைசி ஆள் கோட்டைத் தாண்டுகிற நேரமே அந்தக் குடும்பத்தின் நேரம்.

தாரிணி அதை என்னைப் படிக்கச் சொல்லி இரண்டு முறை கேட்டாள். "அப்போ பிரான்ஸ் இந்த ஊரைக் குடுத்ததுக்கு லீவு. அந்த லீவுல பிரான்ஸ்லேர்ந்து போய் நான் ஓடணும்" என்று சிரித்தாள். பிறகு விதியை யோசித்தாள். பிறகு என்னைத் தலை முதல் கால் வரை பார்த்தாள்.

"கடைசி ஆள் நீங்கதான்" என்றாள்.

மறுநாளே எனக்குக் காலணி வாங்கினோம். வாய்க்கால் ஓரமாக வாரம் மூன்று நாள் அவள் என்னை ஓட்டினாள். அவள் முன்னால் பின்பக்கமாகவே ஓடிக்கொண்டு, "மூச்சை வெளியில விடுங்க, தோளை இறக்குங்க" என்று அதட்டுவாள். நான் வாத்துகளைப் பார்த்துக்கொண்டே மூச்சு வாங்குவேன். பதினைந்து வயதுப் பெண் தகப்பனோடு வாரம் மூன்று முறை வெளியே வருவது இந்த நாட்டில் சும்மா கிடைக்கிற பாக்கியம் இல்லை. அதற்காக இன்னும் பத்து வாய்க்கால் ஓடியிருப்பேன்.

என் மனதில் ஒரு கணக்கு ஓடியது. இவள் அந்த ஊரில் ஒரே ஒரு முறை முதலாவதாக வந்துவிட்டால் போதும். ஜெயித்த ஊரை யாரும் விட்டுவிட மாட்டார்கள். அடுத்த ஆகஸ்டில் அவளாகவே டிக்கெட் போடச் சொல்வாள்.

3

பதிவு செய்வது இணையத்தில். பெயர், வயது எல்லாம் சுலபமாகப் போயிற்று. கடைசியில் இந்திய செல்பேசி எண் கேட்டது, அதற்கு ஓ.டி.பி. வரும் என்றது. என்னிடம் இருப்பது பிரெஞ்சு எண். செந்திலின் எண்ணைப் போட்டேன்.

அப்போது அங்கே காலை பதினொன்றரை மணி. கடைசி மீன் ஏலம் நடக்கும் சத்தம் போனில் கேட்டது. "தம்பி, ஒனக்கு ஒரு நம்பர் வந்திருக்கும், சொல்லு" என்றேன். எதற்கு என்று அவன் கேட்கவில்லை. ஆறு எண்ணையும் ஒவ்வொன்றாக வாசித்தான். 'மூன்று பேர் கொண்ட உங்கள் குடும்பம் பதிவாகிவிட்டது' என்று திரையில் வந்தது. அதே செய்தி அவன் போனுக்கும் போயிருக்கும் என்று எனக்குத் தோன்றவே இல்லை.

நான் பதிவை முடித்த கையோடு டாக்டரிடம் போனேன். இந்த நாட்டில் தெருவில் ஓடுவதற்கும் காகிதம் கேட்டுப் பழக்கப்படுத்திவிட்டார்கள். இதயம் துடிக்கிறது, நுரையீரல் இருக்கிறது, இவர் ஓடலாம் என்று டாக்டர் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தால்தான் மனம் ஆறும். மூன்று பேருக்கும் மூன்று சான்றிதழ் வாங்கிப் பிளாஸ்டிக் உறையில் போட்டுப் பத்திரமாக எடுத்துவந்தேன். தாரிணியின் பாஸ்போர்ட் மாறியிருந்ததால் அவளுடைய வெளிநாட்டு இந்தியர் அட்டையிலும் புது விவரம் ஏற்ற வேண்டியிருந்தது. அந்த அலைச்சலை எழுதினால் நீங்கள் இந்தப் பக்கத்தைத் திருப்பிவிடுவீர்கள்.

4

ஓட்டத்தன்று காலை கடற்கரையில் நம்பர் கொடுக்கும் மேசையில் எங்கள் பழைய டிரில் மாஸ்டர் உட்கார்ந்திருந்தார். ஓய்வு பெற்றுப் பல வருடமாகியும் கழுத்தில் விசில் தொங்கியது. போட்டி நடத்துவதில் இவரைப் போல ஓர் ஆள் பாரிசிலும் இல்லை. தண்ணீர் எங்கே, ஆம்புலன்ஸ் எங்கே, எந்தத் திருப்பத்தில் யார் நிற்க வேண்டும் எல்லாம் அவருக்கு அத்துப்படி. நான் சான்றிதழ்களை நீட்டினேன். கண்ணாடியை உயர்த்திப் பார்த்தார். சின்ன வயதில் அவர் பிரெஞ்சுப் பள்ளியில் படித்தவர்.

"ஓடலாம்னு எழுதியிருக்கான்" என்றார். "ஏன்டா மதி, இத நீ வாயால சொன்னா நான் நம்ப மாட்டேனா?"

பின்னால் நின்றவர்கள் சிரித்தார்கள். தாரிணி அவரைப் பார்த்து மரியாதையாகப் பேச நினைத்து, பதற்றத்தில், "நீ ரொம்ப நல்லா பேசுற தாத்தா" என்றாள். நான் நாக்கைக் கடித்துக்கொண்டேன். அவர் விசில் குலுங்கச் சிரித்தார். நானும் ஒன்றும் குறைந்தவனில்லை, கூட்டத்தில் ஒருவர் காலை மிதித்துவிட்டு "பர்தோன்" என்று பிரெஞ்சில் மன்னிப்புக் கேட்டுக்கொண்டுதான் மேசைக்கு வந்திருந்தேன்.

மாஸ்டர் பதிவேட்டைப் பார்த்தார். புருவம் சுருங்கியது.

"ஒரே போன் நம்பர்ல ரெண்டு குடும்பம் இருக்கேடா. மே மாசம் செந்தில் போட்டது ஆறு பேரு. செந்தில், மலரு, கயலு, அப்புறம் நீ, ஒம் பொஞ்சாதி, இந்தப் புள்ள. அதுக்குப் பொறவு மூணு பேருக்குத் தனியா ஒண்ணு. ஒரு தலைக்கு ஒரு நம்பர்தான். எது வேணும்?"

எனக்குப் பக்கத்தில்தான் செந்தில் நின்றுகொண்டிருந்தான். கூட அவன் மனைவி மலரும், பதிமூன்று வயது மகள் கயலும். அப்போதுதான் எனக்குப் புரிந்தது. அறிவிப்பை எனக்கு அனுப்பிய அன்றே அவன் ஆறு பேரையும் ஒரு குடும்பமாகப் பதிந்துவிட்டிருக்கிறான். அவனுக்கு அதில் கேட்பதற்கு என்ன இருக்கிறது? பிறகு, தனியாகப் பதிவதற்கு அவன் போனையே வாங்கி, அவன் வாயாலேயே எண்ணையும் வாசிக்க வைத்திருக்கிறேன். இரண்டரை மாதமாகத் தெரிந்தும் அவன் ஒரு வார்த்தை கேட்கவில்லை.

அந்த இடத்தில் நான் என்ன செய்திருக்க வேண்டும் என்று உங்களுக்குத் தெரியும். எனக்கும் தெரியும். ஆனால் என் கண் தாரிணி மேல் போயிற்று. அவள் கொஞ்சம் தள்ளிப் போய்க் காலணி முடிச்சை மூன்றாவது முறையாக அவிழ்த்துக் கட்டிக்கொண்டிருந்தாள். மலரைப் பார்த்தேன், சேலைத் தலைப்பை இடுப்பில் செருகிக்கொண்டு நின்றாள். கயல் ரப்பர் செருப்போடு வந்திருந்தாள். ஆறு பேர் என்றால் கடைசி ஆள் எப்போது வந்து சேர்வது? மூன்று மாதம் வாய்க்காலோரம் ஓடியவன் என்ற மமதை வேறு.

"மூணு பேர்தான் மாஸ்டர்" என்றேன். "பாப்பா ஆசப்படுது."

பாப்பாவின் மேல் பழியைப் போட்டது எனக்கே கேட்டது. தாரிணிக்கு விஷயமே தெரியாது. செந்தில் தரையைப் பார்த்தான்.

"உங்க இஷ்டம்ங்க" என்றான்.

நாற்பது வருடத்தில் அவன் என்னிடம் 'ங்க' போட்டுப் பேசியதில்லை. கோபம் வந்தால் 'டேய்' என்றுகூடச் சொல்லியிருக்கிறான். கலா என் முழங்கையில் கிள்ளினாள், நன்றாகவே வலித்தது.

கயல் மட்டும் எதையும் கவனிக்காமல் மேடையில் இருந்த கோப்பையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அது அவள் இடுப்புயரம் இருக்கும். வீட்டில் டிவி மேல் இருந்த பிளாஸ்டிக் பூச்சாடியை முந்தின நாளே அவள் இறக்கி வைத்துவிட்டதை நான் பார்த்திருந்தேன்.

5

விசில் அடித்ததும் கூட்டம் கிளம்பியது. நான் பல ஊர்களில் பல கூட்டங்களைப் பார்த்திருக்கிறேன். இவ்வளவு சந்தோஷமாக ஒரு கூட்டம் தன் மானத்தை விட்டு நான் பார்த்ததில்லை. வங்கி மேலாளர் அரைக்கால் சட்டையில் ஓடினார். ஜவுளிக்கடைக்காரர் குடும்பத்தில் மாமியாரும் மருமகளும் பர்தாவைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு கைகோத்து ஓடினார்கள், சிரிப்பில் இருவருக்கும் ஓட்டமே வரவில்லை. இரண்டு வயதுக் குழந்தையைத் தோளில் வைத்துக்கொண்டு ஒருவர் ஓட, குழந்தையும் கணக்கில் சேருமா என்று ஓரத்தில் நின்றவர்கள் விவாதித்துக்கொண்டிருந்தார்கள்.

செந்திலும் மலரும் கயலும் தொடங்கிய கணத்திலேயே எங்களை விட்டுப் போய்விட்டார்கள். நான் நம்பவில்லை. பிறகு யோசித்தால் இதில் நம்பாமல் இருக்க என்ன இருக்கிறது? விடியற்காலையில் ஏலத்தில் எடுத்த மீன்கூடையோடு முதல் பஸ்ஸைப் பிடிக்க மலர் தினமும் ஓடுகிறாள். நான் வாரம் மூன்று நாள் ஓடினேன், அவள் இருபது வருடமாக ஓடுகிறாள், தலையில் கூடையோடு. செந்திலின் கால்கள் ஈர மணலில் படகு தள்ளிப் பழகியவை. கயல் செருப்பைக் கழற்றி இரண்டு கையிலும் மாட்டிக்கொண்டு பறந்தாள். சேலையையும் செருப்பையும் பார்த்து எடை போட்ட என் புத்தியை அந்தச் செருப்பாலேயே அடிக்கலாம்.

பாலத்துக்கு முன்பே எனக்கு மூச்சு முட்டியது. தாரிணி என் வேகத்துக்குத் தன் காலைக் கட்டிப்போட்டு ஓடிக்கொண்டிருந்தாள். பார்க்கவே பாவமாக இருந்தது.

"நீ போ" என்றேன். "எனக்காக நிக்காத. அம்மா இருக்கா. நீ முன்னாடி போய்ச் சேரு."

"நான் முன்னாடி போனா பிரயோசனம் இல்ல அப்பா. கடைசி ஆள்தானே கணக்கு."

"பரவால்ல, போ. நல்லா ஓடு. ஊரு பாக்கட்டும்."

ஒரு கணம் தயங்கினாள். பிறகு போனாள். அவள் ஓடுவதை எத்தனையோ முறை பார்த்திருக்கிறேன், ஆனால் நம் ஊர்ச் சாலையில் அவள் ஓடி அன்றுதான் பார்த்தேன். ஓரத்தில் நின்றவர்கள், "யாரு வீட்டுப் புள்ள, யாரு வீட்டுப் புள்ள?" என்று ஒருவரை ஒருவர் கேட்டுக்கொண்டார்கள். "மேட்டு செந்திலோட அண்ணன் மக" என்று யாரோ சொன்னது என் காதில் விழுந்தது. எனக்கு அந்தக் கணம் முழங்கால் இருப்பதே மறந்துபோயிற்று. அதனால்தானோ என்னவோ, பாலத்தில் திரும்பும்போது அது மடங்கி என்னை நடக்க வைத்தது. கலா என் கையைத் தன் தோளில் போட்டுக்கொண்டாள். ஒவ்வொரு குடும்பமாக எங்களைத் தாண்டிப் போயிற்று. கோப்பை போயிற்று, மகளும் போனாள் என்று நினைத்துக்கொண்டே நடந்தேன்.

முக்கால் கிலோமீட்டர் மிச்சம் இருக்கும்போது எதிரே ஒருத்தி எல்லோரையும் இடித்துக்கொண்டு வந்தாள். எல்லோரும் கடலைப் பார்த்து ஓடும்போது கடலிலிருந்து இந்தப் பக்கம் ஓடிவருவது யார் என்று பார்த்தால், தாரிணி. முகம் சிவந்திருந்தது, அழுதிருந்தாள்.

"அப்பா! அவங்க அங்க நிக்கிறாங்க. சித்தப்பா, சித்தி, கயல், மூணு பேரும். கோட்டுக்கு முன்னாடி நிக்கிறாங்க. முதல்ல வந்துட்டாங்க அப்பா, எல்லாருக்கும் முதல்ல! ஒரு அடி வச்சா போதும். வைக்க மாட்டேங்குறாங்க."

"ஏன்?"

"உங்களுக்காக! அந்தத் தாத்தா கத்துறார், வேற நம்பர் வேற நம்பர்னு. நானும் சொன்னேன். கயலைப் பிடிச்சுத் தள்ளுனேன், போக மாட்டேங்குறா. சித்தப்பா சொல்றார், அப்பா வரட்டும்னு." மூச்சு வாங்கினாள். பிறகு என்னை நேராகப் பார்த்துக் கேட்டாள். "ஏன் அப்பா நமக்கு வேற நம்பர்? சித்தப்பா நம்மளையும் சேத்துத்தான் எழுதியிருந்தாராம். நீங்கதான் பிரிச்சீங்களாம். எனக்காகன்னு சொன்னீங்களாமே?"

நான் வாயைத் திறந்தேன். அவள் காத்திருக்கவில்லை. ஒரு பக்கம் அவள் என் இடுப்பைப் பிடித்தாள், மறுபக்கம் கலா. "அல்லே, அப்பா! அல்லே, அல்லே!" என்று பிரெஞ்சில் விரட்டினாள். வாய்க்காலோரம் கேட்ட அதட்டல் இல்லை இது. உண்மையான கோபம். என் வாழ்க்கையில் யாரும் என்னை இவ்வளவு கோபத்தோடு தூக்கிச் சென்றதில்லை.

6

நீங்கள் பார்த்த காட்சிக்கு வந்துவிட்டோம்.

சுண்ணாம்புக் கோடு. அதற்கு ஓர் அடி முன்னால் மூன்று பேர். செந்தில் இரண்டு கையையும் விரித்து மனைவியையும் மகளையும் பின்னால் தள்ளி நிறுத்தியிருந்தான், கூட்டம் இடித்து அவர்கள் தவறிக் கோட்டைத் தாண்டிவிடக் கூடாது என்று. மற்ற குடும்பங்கள் அவர்களைச் சுற்றிக்கொண்டு போய்க்கொண்டிருந்தன. டிரில் மாஸ்டர் விசிலைக் கழற்றி வீசிவிட்டார். "செந்திலு, ஒனக்குப் பைத்தியமாடா? அவன் வேற நம்பருடா! தாண்டித் தொலடா!"

கூட்டம் சிரித்துச் சிரித்து ஓய்ந்து, எங்களைப் பார்த்ததும் கைதட்ட ஆரம்பித்தது.

நான் கிட்டே போனதும் கத்தினேன். வெட்கத்தில் வந்த கத்தல்தான் அது. "ஏன்டா நிக்கிற? நம்பர் வேறன்னு தெரியுமில்ல?"

"நம்பரு வேறதான் அண்ணே" என்றான் செந்தில். "ஆனா எண்ணிப் பாத்தேன். மூணு தலை கொறஞ்சுச்சு. எப்படிக் கரை ஏறுறது?"

எனக்குத் தெரியாத வழக்கமா இது? ஒன்றாகக் கடலுக்குப் போன படகுகள் ஒன்றாகத்தான் கரை ஏறும். ஒன்று பின்தங்கினால் மற்றவை அலைக்கு வெளியே இஞ்சினைத் தணித்துக்கொண்டு நிற்கும். எனக்குப் பத்தொன்பது வயதில், அப்பாவின் படகில் நான் இருந்தபோது இஞ்சின் நின்றுபோயிற்று. கூட வந்த மூன்று படகும் முதல் ஏலத்தை விட்டுவிட்டு எங்களுக்காக மதியம் வரை நின்றன. கரையில் இறங்கியதும் ஒருவரும் மீனைப் பார்க்கவில்லை, தலையைத்தான் எண்ணினார்கள். எண்ணப்பட்டவர்களில் ஒருவன் நான். அதை மறந்துவிட்டு, சுண்ணாம்புக் கோட்டுக்கு ஒரு நம்பரும் பாப்பாவுக்கு ஒரு கோப்பையும் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறேன். எவ்வளவு சின்ன மனிதனாகிவிட்டேன் என்று அந்த இடத்தில் அழுகை வந்தது. அழுதேன், வியர்வையோடு சேர்ந்து போயிற்று.

செந்தில் சத்தமாக எண்ணினான். "ஒண்ணு, ரெண்டு, மூணு... அண்ணி நாலு, அண்ணன் அஞ்சு, பாப்பா ஆறு. ம், இப்பப் போவோம்."

ஆறு பேரும் ஒரே எட்டில் தாண்டினோம். கோப்பை சுரக்குடியிலிருந்து வந்த ஒரு விவசாயக் குடும்பத்துக்குப் போயிற்று. நல்ல மனிதர்கள், மேடையிலிருந்து இறங்கி வந்து, "இது ஒங்களுதுங்க" என்று செந்திலிடம் நீட்டினார்கள். அவன் கும்பிட்டு மறுத்துவிட்டான். நான் கயலிடம் போய், "பெரியப்பா மேல கோவமா?" என்று கேட்டேன்.

"இல்ல பெரியப்பா. அது ரொம்பப் பெருசு, எங்க டிவி மேல நிக்காது" என்றாள். சொல்லும்போது மேடைப் பக்கம் திரும்பவே இல்லை.

மலர் எல்லோருக்கும் மோர் ஊற்றிக் கொடுத்தாள். "மாமா, அடுத்த தரம் கூடையோட ஓடிப் பழகுங்க, வெறுங்கையோட ஓடுனா வேகம் வராது" என்றாள். அந்தக் கேலிக்கு நான் தகுதியானவன். இந்த மூன்று பேரையும் நினைத்தால் எனக்கு இன்றைக்கும் மார்பு விம்முகிறது. கோப்பையை விட்டுக்கொடுத்தோம் என்று அவர்களில் ஒருவருக்கும் தோன்றவில்லை, அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.

தாரிணி மட்டும் மோரைக் கையில் வைத்துக்கொண்டு கடலைப் பார்த்து உட்கார்ந்திருந்தாள். என்னோடு பேசவில்லை. வீட்டுக்குப் போகும் வழியிலும் பேசவில்லை, விமானத்திலும் பேசவில்லை. அவள் ஜெயித்தால் ஊரோடு ஒட்டிக்கொள்வாள் என்று போட்ட கணக்கில், ஜெயிக்கவும் இல்லை, தகப்பன் பொய்யன் என்றும் தெரிந்துபோயிற்று. இங்கே வந்ததும் சமையலறை அலமாரியில் மன்றத்தின் மலை முகாம் அறிவிப்பை அவள் ஒட்டி வைத்திருப்பதைப் பார்த்தேன். கேட்கத் தைரியம் வரவில்லை.

7

போன ஞாயிற்றுக்கிழமை மதியம் செந்தில் கூப்பிட்டான். அங்கே சாயங்காலம். வலை காயப்போட்டுவிட்டு வந்து பேசுகிறேன் என்றான். மழை வருமா, டீசல் என்ன விலை, கலா எப்படி என்றெல்லாம் சுற்றி வளைத்தான். அவனுக்குச் சுற்றி வளைத்துப் பேச வராது. ஏதோ இருக்கிறது என்று புரிந்துகொண்டேன்.

"என்னடா விஷயம்?"

"ஒண்ணுமில்லண்ணே. பாப்பா எனக்குப் போன் பண்ணுச்சு."

"யாரு, தாரிணியா? எப்போ?"

"நேத்து. அதுவாவே பண்ணுச்சு. நல்லாத் தமிழ் பேசுதே, நீ என்னமோ மறந்துட்டான்னு சொன்ன? கயலுக்கு அளவு கேட்டுச்சு, காலுக்கு. அப்புறம் அடுத்த வருச ஓட்டத்தப் பத்திக் கேட்டுச்சு."

"அவளுக்கு முகாம் இருக்குடா. மலைக்குப் போறா."

"அதுல மொத வாரம் மட்டும் இருக்குமாம். பாதியில கெளம்பிடுறேன்னு அவங்க கோச்சுக்கிட்ட சொல்லிட்டாளாம். பதினாறாந்தேதிக்கு முன்னாடி வந்துடுவேன்னுச்சு."

நான் நாற்காலியைத் தேடி உட்கார்ந்தேன். பக்கத்து அறையில் அவள் யாரோடோ பிரெஞ்சில் சிரித்துப் பேசிக்கொண்டிருந்தாள்.

"வேற என்ன சொன்னா?"

"ஆறு பேரையும் ஒரே நம்பர்ல போடணுமாம். மொத நாளே போட்டுடணுமாம். 'அப்பாவக் கேக்காதீங்க சித்தப்பா, நீங்களே போட்டுடுங்க, கேட்டா அவர் பிரிச்சுடுவார்'னுச்சு." தொண்டையைச் செருமினான். "ஒனக்குச் சம்மதந்தானே அண்ணே?"

"என்னையக் கேக்கக் கூடாதுன்னுதானே சொல்லியிருக்கா" என்றேன். "போட்டுடு."